குழுக்களில் பதில் சொல்லி கோச்சிங் கிளையன்ட் சேர்ப்பது: கேள்வி பதில்

வேலையை விட்டுச் சில வருடங்கள் வீட்டில் இருந்த பெண்கள் மறுபடி வேலைக்குப் போக உதவும் கரியர் கோச்சாக இருக்கிறேன். விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதில்லை. என்னிடம் வருகிறவர்கள் அநேகமாக எல்லாருமே வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் என் பதில்களைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான். கோச்சிங்குக்குப் புதிதாக வந்தவர்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்ததால், கேள்விகளை மொத்தமாக அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், திருச்சியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். 30 குரூப்பில் இருக்கிறேன். தினமும் காலையில் எல்லாவற்றிலும் போஸ்டர் போடுகிறேன். ஒருவரும் கூப்பிடவில்லை. 2 குரூப்பில் இருந்து தூக்கியும் விட்டார்கள். என்ன செய்ய?

போஸ்டரை நிறுத்துங்கள். தினமும் ஒரே படம் வந்தால் குட்மார்னிங் படத்தைத் தள்ளுகிற மாதிரி அதையும் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

30 குரூப் யாராலும் கவனிக்க முடியாது. 3 போதும். எந்த 3 என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு குரூப்பிலும் தேடல் பெட்டியில் "இன்டர்வியூ", "பேச பயம்", "கம்யூனிகேஷன்", "ஐஇஎல்டிஎஸ்" என்று தட்டிப் பாருங்கள். போன ஒரு மாதத்தில் இதைப் பற்றி யாராவது நிஜமாகவே கேட்டிருந்தால் அந்த குரூப் உங்களுக்கானது. வெறும் ஃபார்வர்டும் வாழ்த்தும் மட்டும் இருந்தால் மியூட் செய்துவிடலாம். ஆள் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம், டெலிகிராமில் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம். ஆனால் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ்கள் 80 பேர் இருக்கிற ஒரு குரூப் உங்களுக்கு அதையெல்லாம்விடப் பெரியது.

இன்னொன்று. ஸ்போக்கன் இங்கிலீஷ் டிரெய்னர்கள் மட்டும் கூடியிருக்கிற குரூப்பில் தொழில் கற்கலாம். கிளையன்ட் அங்கே கிடைக்க மாட்டார்கள்.

அக்கா, நேரம் செலவழித்து நீளமாகப் பதில் எழுதுகிறேன். கேட்டவர் "ரொம்ப தேங்க்ஸ் சிஸ்" என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஒருவர்கூட கிளையன்டாக வரவில்லை. ஓசியில் வேலை பார்ப்பது போல இருக்கிறது.

இந்தக் கேள்விதான் அதிகம் பேர் கேட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேட்டவர் கிளையன்டாக வருவார் என்று எதிர்பார்ப்பதால்தான் இந்த அலுப்பு. பெரும்பாலும் அவர் வர மாட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதே சிக்கலோடு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, எதுவும் பேசாமல் படித்துக்கொண்டிருக்கிற இன்னொருவர்தான் வருவார். ஜேக்கப் நீல்சன் என்ற இணையப் பயன்பாட்டு நிபுணர் 2006ல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் படிக்க மட்டுமே செய்கிறார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், மிச்சம் 1 சதவீதம்தான் விடாமல் எழுதுகிறார்கள். எல்லாக் குழுவுக்கும் இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் உங்கள் குரூப்பில் வாயைத் திறக்காதவர்களை எண்ணிப் பார்த்தால் விஷயம் புரியும். நீங்கள் பதில் எழுதுவது அவர்களுக்குத்தான்.

அந்த மௌனமான ஆட்கள் உங்களை வேறு இடத்திலும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், 1973ல் வெளிவந்த தன் ஆய்வுக்காக, பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் "அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்க்கிற நெருங்கியவர் மூலம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற, லேசான பழக்கமுள்ளவர்கள் மூலமே கிடைத்தது. நம் தொழிலிலும் நான் பார்ப்பது இதைத்தான். உங்கள் பதிலைப் படித்த ஒருவர் தன் நாத்தனாரிடம் "அந்த குரூப்ல ஒருத்தர் நல்லா சொல்றாங்க, கேட்டுப் பாரு" என்பார். அந்த நாத்தனார் எந்த குரூப்பிலும் இல்லை. ஆனால் போனில் வருகிற புது நம்பர் அவருடையது.

அதனால் "தேங்க்ஸ் சிஸ்" என்று முடிந்த பதிலை வீண் என்று தள்ளாதீர்கள். அது இன்னும் படிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் குரூப்பிலேயே சொல்லிவிட்டால் காசு கொடுத்து யார் வருவார்கள்? எதுவரை சொல்லலாம்?

ஒரு உதாரணமே போடுகிறேன். அம்மாக்கள் குரூப்களில் எனக்கு அடிக்கடி கண்ணில் படுகிற கேள்வி இது: "பி.இ. முடித்து 4 வருடம் டெஸ்டிங்கில் இருந்தேன். 2 குழந்தைகள், 7 வருட இடைவெளி. ரெஸ்யூமேயில் அதை எப்படி எழுதுவது? மறைத்துவிடலாமா?"

இதற்கு "நான் கரியர் கோச், இன்பாக்ஸ் வாங்க" என்று ஒருவர் எழுதுவார். கேட்டவரும் போக மாட்டார், படித்தவர்களும் அந்தப் பெயரை ஞாபகம் வைக்க மாட்டார்கள். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மறைக்காதீர்கள். பிஎஃப் கணக்கைப் பார்த்தாலே எந்த மாதம் வரை வேலையில் இருந்தீர்கள் என்று தெரிந்துவிடும். வெரிஃபிகேஷனில் மாட்டினால் கிடைத்த வேலையும் போகும். ரெஸ்யூமேயில் ஒரே ஒரு வரி போதும்: கரியர் பிரேக், எந்த வருடத்தில் இருந்து எந்த வருடம் வரை, குழந்தை வளர்ப்பு. விளக்கம், வருத்தம் எதுவும் வேண்டாம். லிங்க்ட்இன்னில் 2022ல் இருந்து கரியர் பிரேக் என்றே தனிப் பகுதி இருக்கிறது, அதிலும் போடுங்கள். மேனுவல் டெஸ்டிங் மட்டும்தான் தெரியும் என்றால் விண்ணப்பிக்கும் முன் டெஸ்டிங்கைத் தானாக ஓட வைக்கும் செலினியம் அல்லது பிளேரைட் படியுங்கள். ஏதாவது ஒரு வெப்சைட்டின் லாகின் பக்கத்துக்கு டெஸ்ட் எழுதி, கோடை எல்லாரும் பார்க்கும்படி வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டு, அந்த லிங்கை ரெஸ்யூமேயின் மேல்பகுதியிலேயே வையுங்கள். இன்டர்வியூ எடுப்பவர் முதலில் அதைப் பற்றிக் கேட்பார், இடைவெளிக்கு அப்புறம்தான் வருவார்."

இதில் நான் எதையும் ஒளிக்கவில்லை. இதைப் படித்துத் தானே செய்துகொண்டு வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் இன்னும் பலர், "சரி, புரியுது. ஆனா எனக்குத் தனியா செய்யத் தைரியம் இல்ல" என்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து அந்த ரெஸ்யூமேயை வரி வரியாகத் திருத்துவது, மாக் இன்டர்வியூ எடுப்பது, மாமியார் வீட்டில் எப்படிப் பேசுவது என்று யோசிப்பது, நடுவில் மனது விட்டுப்போகிற வாரத்தில் கூப்பிட்டு நிமிர்த்துவது, இதற்குத்தான் ஃபீஸ். தகவலை எவ்வளவு கொடுத்தாலும் இந்த வேலை குறைவதில்லை.

குரூப்பில் விளம்பரம் கூடாது என்று அட்மின் கறாராக இருக்கிறார். நான் கோச் என்பதே யாருக்கும் தெரியாதே?

அட்மின் சொல்வது நியாயம். அந்தக் கறார்த்தனத்தால்தான் அந்த குரூப் படிக்கிற மாதிரி இருக்கிறது. ரெடிட் என்ற இணைய மன்றத்தில்கூட, பத்துப் பதிவில் ஒன்றுக்கு மேல் நம் சொந்தச் சரக்காக இருக்கக்கூடாது என்பது பழைய வழக்கம்.

உங்கள் பதில் நன்றாக இருந்தால் படித்தவர் அடுத்து செய்வது உங்கள் பெயரைத் தொட்டுப் பார்ப்பதுதான். எனவே அந்தப் பக்கத்தைச் சரியாக வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அபௌட் பகுதி, ஃபேஸ்புக்கில் பயோ. "கனவுகளை நனவாக்கும் பயணத்தின் துணை" என்றெல்லாம் எழுதாமல், ஓட்டப் பயிற்சி தருகிற கோச் என்றால் "முதல் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி, சென்னை" என்று எழுதுங்கள். யாருக்கு, எதற்கு, எங்கே என்பது படித்தவுடன் தெரிய வேண்டும். புரொஃபைல் படம் உங்கள் முகமாக இருக்கட்டும். சிலர் பூட்டிய ஃபேஸ்புக் புரொஃபைலை வைத்துக்கொண்டு கிளையன்ட் வரவில்லை என்கிறார்கள். பொதுவாகத் தெரியும்படி ஒரு பக்கமாவது வேண்டும்.

அட்மினிடம் நேராகவும் பேசுங்கள். "ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் குரூப்பில் வருகிற கேள்விகளுக்கு இலவசமாகப் பதில் சொல்லட்டுமா? லிங்க், ஃபீஸ் எதுவும் போட மாட்டேன்" என்று கேட்டால் பெரும்பாலான அட்மின்கள் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

குரூப்பில் கேள்வி கேட்டவருக்கு நாமே தனியாக மெசேஜ் அனுப்பலாமா?

அவர் கேட்காமல் அனுப்பாதீர்கள். பெண்கள் குரூப்களில் இதைவிட வேகமாகப் பெயரைக் கெடுக்கிற விஷயம் கிடையாது. குரூப்பில் இருந்து நம்பர்களை எடுத்து பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) போடுவதும் இதே ரகம்தான்.

டொராண்டோவில் இருக்கிறேன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு பேரன்டிங் கோச்சிங் செய்கிறேன். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பதின்ம வயதுப் பிள்ளையோடு பிரச்சினை என்று யாரும் குரூப்பில் வாயைத் திறப்பதே இல்லை.

உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. கேள்வி வரும் என்று காத்திருந்தால் வராது. 2 வழி உண்டு.

ஃபேஸ்புக் குழுவாக இருந்தால், பெயர் தெரியாமல் பதிவிடும் வசதியைத் திறந்து வைக்க அட்மினிடம் சொல்லுங்கள். ஆனால் உறுப்பினர்களுக்குத்தான் பெயர் தெரியாது, அட்மினுக்கும் மாடரேட்டருக்கும் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சின்னச் சமூகத்தில் அட்மினே சொந்தக்காரராக இருப்பார்.

இன்னொரு வழி, கேள்வியை நீங்களே எழுப்புவது. "கிரேட் 9 பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் முதல் அரை மணி நேரம் என்ன செய்யலாம்?" என்று தலைப்பு வைத்து நாலு பத்தி எழுதுங்கள். யாரும் கமென்ட் போட மாட்டார்கள், ஒரு லைக்கும் வராது. அதை வைத்து எடை போடாதீர்கள். அந்த மாதிரிப் பதிவுக்குப் பதில் இரவு 11 மணிக்குத் தனியாகத்தான் வரும். எந்தக் குடும்பத்தின் கதையையும் பெயர் மாற்றிக்கூட உதாரணம் ஆக்காதீர்கள். உங்கள் ஊர் அளவில் ஆளைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகாது.

கிளையன்ட் நன்றி சொல்லி அனுப்பிய மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடலாமா?

எழுத்தில் சம்மதம் வாங்காமல் கூடாது. பெயரை மறைத்தாலும் கூடாது. அவராகவே குரூப்பில் எழுதினால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, ஆனால் எழுதச் சொல்லி நச்சரிக்காதீர்கள்.

எடை குறைப்பு கோச்சாக இருக்கிறேன் அக்கா. "எனக்கு சுகர் இருக்கு, மாத்திரையை நிறுத்தலாமா?" என்று குரூப்பில் கேட்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்களே?

நினைத்துக்கொள்ளட்டும். மாத்திரை பற்றி மருத்துவர் மட்டும்தான் சொல்ல வேண்டும். "மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தை ஒழுங்குபடுத்துவதிலும் நடைப்பயிற்சியிலும் நான் உதவ முடியும்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். எல்லை தெரிந்த ஆள் என்ற நம்பிக்கை வரும்.

இதோடு சேர்த்து எல்லா கோச்களுக்கும் ஒன்று. குரூப்பில் யாராவது வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி எழுதினால் அது கோச்சிங் விஷயமே கிடையாது. உடனே டெலிமானஸ் எண் 14416ஐக் கொடுங்கள். இது இந்திய அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அட்மினுக்கும் தகவல் சொல்லுங்கள். அந்த இடத்தில் உங்கள் சேவையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம்.

சர்டிஃபிகேட் இல்லாமல் குரூப்பில் கோச் என்று சொல்லிக்கொள்ளலாமா?

இந்தியாவில் கோச் என்ற பெயருக்கு லைசென்ஸ் கிடையாது, சட்டப்படி தடையில்லை. உலக அளவில் அதிகம் பேர் மதிப்பது 1995ல் தொடங்கிய ஐசிஎஃப் (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) அமைப்பின் சான்று. அதன் முதல் படியான ஏசிசிக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். கார்ப்பரேட் கிளையன்ட் வேண்டும் என்றால் செய்யுங்கள். குரூப்பில் படிக்கிறவர்கள் பெரும்பாலும் உங்கள் பதிலை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் இல்லாத சான்றை இருப்பதாக மட்டும் சொல்லவே கூடாது.

குரூப்பிலேயே "ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்டால்?

தொகையைச் சொல்லிவிடுங்கள். "டிஎம் பண்ணுங்க" என்றால் ஆளுக்கு ஒரு ரேட் என்று நினைப்பார்கள். விளம்பரத் தடை உள்ள குரூப் என்றால், "இங்கே விதி இருக்கிறது, என் புரொஃபைலில் எழுதியிருக்கிறேன்" என்று சொல்லி, அங்கே தொகையைத் தெளிவாகப் போட்டு வையுங்கள். ஜிஎஸ்டி பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள்: தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வெளிநாட்டு கிளையன்ட் இருந்தால் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நானே ஒரு குரூப் ஆரம்பித்துவிட்டால்?

இப்போது வேண்டாம். மற்றவர் குரூப்பில் "இதை எங்கே கேட்பது என்று தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்று உங்கள் பெயரை டேக் செய்து ஆட்கள் கேட்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். ஆரம்பிக்கும்போது ஃபேஸ்புக் என்றால் சேரும் முன் 3 கேள்வி வரை கேட்க முடியும். அதில் ஒன்றை "இப்போது உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்று வையுங்கள். அந்தப் பதில்களை வரி விடாமல் படியுங்கள். அடுத்து என்ன எழுதலாம் என்று யோசிக்கவே வேண்டியிருக்காது.

வேலையை விட்டுவிட்டு முழுநேர கோச்சாகப் போகிறேன். குரூப்களை மட்டும் நம்பினால் எத்தனை மாதத்தில் வருமானம் வரும்?

மாதக் கணக்கு சொல்ல மாட்டேன், சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். இது மெதுவான வழி. வீட்டு வாடகையும் இஎம்ஐயும் இதை நம்பி இருக்கக்கூடாது. வேலையை இப்போது விடாதீர்கள். தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஒரு குரூப், ஒரு நல்ல பதில். புது கிளையன்ட் யார் வந்தாலும் "என்னைப் பற்றி எங்கே பார்த்தீர்கள், எந்தப் பதிலைப் படித்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த குரூப்பில் இருந்து ஆள் வருகிறது என்று அந்த நோட்டிலேயே தெரியவரும். கோச்சிங் வரவு தொடர்ந்து சில மாதம் உங்கள் வீட்டுச் செலவை எட்டினால், அப்போது ராஜினாமா பற்றிப் பேசலாம்.