மகன் வீட்டுப் பக்கத்து வெந்நீர்க் குளம்: குளிக்கலாம், குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. பென்னாகரம் பக்கம் கிராமம். சர்க்கரைக்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். படி ஏறினால் இரண்டு முழங்காலும் வலிக்கிறது. காலையில் எழுந்தால் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. மகன் ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்தில் வேலை பார்க்கிறான். அக்டோபரில் போய் இரண்டு மாதம் அவனோடு இருக்கப்போகிறேன். அங்கே பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரில் குளித்தால் மூட்டு வலி போய்விடும் என்கிறான். சுற்றுலாக் கூட்டம் போகும் பெரிய இடம் வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்தில் தண்டார் தெருவில் சின்னதாக ஒன்று இருக்கிறது, காசும் குறைவு, உள்ளூர் வயசானவர்கள்தான் வருவார்கள் என்கிறான். போகலாமா? காசு குறைவு என்றால் சுத்தமாக இருக்குமா? அந்த ஊரில் அப்படிப்பட்ட தண்ணீரைக் குடிக்கவும் செய்வார்களாமே, நானும் குடிக்கலாமா?
- வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: போய் வாருங்கள் அம்மா. குளிக்கத் தடையில்லை. குடிப்பது மட்டும் வேண்டாம். அதற்கு நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மகன் நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறார். புடாபெஸ்ட் என்றதும் எல்லோரும் காட்டுவது செச்செனி குளியலகம் போன்ற அரண்மனைக் கட்டடங்களை. தண்டார் தெருவில் இருப்பது 1930இல், வீட்டில் குளியலறை இல்லாத உழைப்பாளிச் சனங்கள் உடம்பு கழுவிக்கொள்ளக் கட்டிய பொதுக் குளியலகம். ஊற்று வெந்நீர் அங்கே வந்ததே 1978இல்தான். உள்ளே இருக்கும் வெந்நீர்க் குளங்கள் 36 டிகிரி, 38 டிகிரி. நம் உடம்புச் சூடு 37. ஆக, ஒன்று அதற்குக் கொஞ்சம் கீழே, இன்னொன்று கொஞ்சம் மேலே. உங்கள் வயதுக்கும் மாத்திரைகளுக்கும் 36 டிகிரிக் குளமே போதும்.

காசு குறைவாக இருப்பதில் வைத்திய லாபமும் உண்டு. பெரிய இடத்தில் ஒரு நாள் டிக்கெட் வாங்கினால், கொடுத்த காசுக்கு மூன்று மணி நேரம் ஊறிவிட்டுத்தான் வெளியே வருவோம். மூட்டுக்கு அதனால் பெரிய பயன் இல்லை, தலைசுற்றல் வேண்டுமானால் கிடைக்கும். வெந்நீர்க் குளியலை மருத்துவமாகச் செய்யும் இடங்களில் இரண்டு மூன்று வாரத்துக்குள் பத்து பதினைந்து முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் என்ற கணக்கில் செய்கிறார்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கட்டுப்படியாகிற விலையில் இருந்தால்தானே அப்படிப் போக முடியும்? நீங்கள் வாரம் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாள் உடம்பு ஓய்வெடுக்கட்டும்.

வலி போய்விடுமா என்றால், குறையும். தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஊற்றும் வளர்த்துக் கொடுக்காது. மூட்டுத் தேய்மானத்துக்கு வெந்நீர்க் குளியல் பற்றி 2007இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 7 ஆய்வுகளை, மொத்தம் 498 பேரை எடுத்துப் பார்த்தது. தாது நீர்க் குளியலால் கொஞ்சம் பயன் இருப்பதாகத் தெரிகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்பதுதான் அதன் முடிவு. என் கணிப்பில், தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுக்களைவிடச் சூடும் மிதப்பும்தான் அதிக வேலை செய்கின்றன. மார்பளவு நீரில் நின்றால் கால் தாங்கும் எடை சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிடும். நீங்கள் 66 கிலோ என்றால் முழங்காலுக்கு 22 கிலோ ஆள் மாதிரி. அதனால் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடங்கள், முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். வெளியில் வலிக்கிற அதே அசைவு தண்ணீரில் வலிக்காது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை.

இப்போது உங்கள் மாத்திரைகள். வெந்நீரில் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும். அம்லோடிபினும் குழாய்களை விரிக்கிற மருந்துதான். நீருக்குள் இருக்கும்வரை தண்ணீரின் அழுத்தம் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருப்பதால் ஒன்றும் தெரியாது. படியேறி வெளியே வரும் அந்த அரை நிமிடத்தில்தான் கண் இருட்டும், ஈரத்தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும். ஆகவே முதலில் படியிலேயே இடுப்பளவு நீரில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். அப்புறம் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, மேலே வந்ததும் மறுபடி பெஞ்சில் உட்காருங்கள். நீரில் இருக்கும்போது சிறுநீர் அதிகம் பிரியும், வியர்க்கவும் செய்யும். வெளியே வந்து ஒரு பெரிய டம்ளர் சாதாரணத் தண்ணீர் குடியுங்கள்.

கிளிமிபிரைடு இருப்பதால் வெறும் வயிற்றோடு போகவே கூடாது. சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், படபடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெந்நீருக்குள் அந்த வியர்வை எப்படித் தெரியும்? சூட்டில் படபடப்பு வந்தாலும் வெந்நீர்தான் காரணம் என்று நினைத்துவிடுவோம். காலை உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள், மகன் கையெட்டும் இடத்தில் குளுக்கோஸ் வைத்திருக்கட்டும். லாக்கருக்குள் பூட்டி வைத்த குளுக்கோஸால் பிரயோஜனமில்லை. கால் மரத்துப் போயிருக்கிறதா என்று இங்கேயே ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். மரத்த கால் என்றால் பக்கத்தில் இருக்கும் நீராவி அறை, சானா அறைப் பக்கம் போகாதீர்கள், சுட்டாலும் தெரியாது. காலில் ஆறாத புண், காய்ச்சல், முட்டி சிவந்து வீங்கிச் சுடுவது, மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்குக் குளியல் கிடையாது. மூச்சிரைப்பும் நெஞ்சு வலியும் என்றால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சுத்தத்தைப் பொறுத்தவரை, டிக்கெட் விலையை வைத்து முடிவு செய்ய முடியாது. குளத்தில் இறங்குபவர்கள் முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குகிறார்களா என்பதைப் பாருங்கள். அங்கே அது கட்டாய விதி, நீங்களும் அப்படியே செய்யுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவியில் நிற்கிற பழக்கம் அங்கே செல்லாது. மூக்கைப் பிடித்து மூன்று முங்கு முங்குவதும் வேண்டாம். தலை நீருக்கு வெளியிலேயே இருக்கட்டும், ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது. நடக்கும்போது ரப்பர் செருப்பு, வந்ததும் விரலிடுக்கு துடைப்பது, இரண்டும் சேற்றுப்புண் வராமலிருக்க. புடவையோடு இறங்க விடமாட்டார்கள். நீச்சலுக்கென்றே செய்த துணியில் கை, முழங்கால் மூடும் உடைகள் இங்கேயே கிடைக்கின்றன. அதை அனுமதிப்பார்களா என்று மகன் முன்கூட்டியே கேட்டுவிடட்டும். மெட்டி, கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஊற்று நீரில் கந்தகம் இருந்தால் வெள்ளி கறுத்துவிடும்.

இனி குடிக்கும் விஷயம். புடாபெஸ்ட்டில் ஊற்று நீரை டம்ளரில் பிடித்துக் கொடுக்கும் கூடங்கள் உண்மையிலேயே உண்டு. ருடாஷ் குளியலகத்துப் பக்கம் இருப்பது பேர் போனது. அந்த ஊர்க்காரர்கள் வயிற்றுக்கு நல்லது என்று குடிக்கிறார்கள். ஆனால் அந்த நகரத்து வெந்நீர் ஊற்றுகளில் கால்சியம், மக்னீசியம், சல்பேட்டோடு ஃபுளோரைடும் கணிசமாக உண்டு. ஃபுளோரைடு என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டுமா? பாறையில் இறங்கிய போர் தண்ணீரைக் குடித்துக் குடித்து நம் பிள்ளைகளின் பல் பழுப்பேறியதும், பெரியவர்களின் முதுகு விறைத்ததும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியதே இதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. வாழ்நாளில் பெரும்பகுதி போர் தண்ணீர் குடித்திருக்கக்கூடிய உங்கள் எலும்பில் ஏற்கெனவே இருப்பதே போதும். அதோடு, உடம்பிலிருந்து ஃபுளோரைடை வெளியேற்றுவது சிறுநீரகம். சர்க்கரை நோய் கை வைக்கிற இடமும் அதுவே. குளிக்கும்போது தோல் வழியாக அது உள்ளே போய்ச் சேராது, பயப்பட வேண்டாம்.

கழுத்தும் இடுப்பும் பிடிக்கிறது என்று நீங்கள் எழுதியதைத்தான் நான் இரண்டாவது முறை படித்தேன். முழங்கால் வலி வயசுத் தேய்மானமாக இருக்கலாம். கழுத்துப் பிடிப்பை அப்படியே விட்டுவிட எனக்கு மனசில்லை. வீட்டிலேயே மூன்று காரியம் செய்து பாருங்கள்: முழங்காலை மடக்காமல் குனிந்து கால் கட்டை விரலைத் தொட முடிகிறதா, முகவாயை நெஞ்சில் ஒட்ட முடிகிறதா, இரு கையையும் தூக்கிப் பின்தலையில் கோத்துக்கொள்ள முடிகிறதா? முடியவில்லை, அல்லது வலிக்கிறது என்றால் ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடு எலும்பில் படிந்து வரும் நோய், இருக்கலாம். வேறு காரணங்களாலும் முடியாமல் போகும், அதனால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பார்த்து, முழங்காலோடு முன்கைக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது படத்திலேயே தெரியும். இருந்தால் வெந்நீர்க் குளியல் விறைப்பைக் கொஞ்சம் தளர்த்தும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் இன்னும் போர் தண்ணீரில் சமைக்கிறீர்களா என்பதுதான் அப்போது முக்கியமான கேள்வி. குடத்தில் காவிரித் தண்ணீர், உலைக்குப் போர் தண்ணீர் என்று இருக்கும் வீடுகள் இன்றும் நிறைய. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது.

ஹங்கேரி போகாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். செய்வதற்கு முன் முட்டியில் வெந்நீர் ஒத்தடம். தேய்மான வலிக்கு எந்தக் குளத்தையும்விட இதன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவதும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அடக்கம். 2021 ஆகஸ்டில் அது தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கிளம்பும் முன் மூன்று மாத சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஈசிஜி பார்த்துவிடுங்கள். முடிவுகளை மகனுக்கு அனுப்பி வையுங்கள். இரண்டு மாதத்துக்கான மாத்திரைகளையும் மருத்துவர் சீட்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். அக்டோபர் கடைசி வரை அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அதற்குப் பிறகு நான்கரை. சர்க்கரை மாத்திரையை நம் ஊர் மணிக்கு விழுங்காமல், அங்கே சாப்பிடும் வேளையோடு சேர்த்துப் போடுங்கள்.