மகனுக்குப் பந்தே வருவதில்லை, அணியை மாற்றலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, கூடைப்பந்தில் பவர் ஃபார்வர்டு (வளையத்துக்கு அருகில் ஆடும் உயரமான ஆள்). கோச் அவனை வளையத்தடியில் நிறுத்தி ஸ்கிரீன் போடவும் (எதிரணி ஆளை மறித்து நிற்கவும்) ரீபவுண்டு எடுக்கவும் (தவறிய ஷாட்டில் திரும்பி வரும் பந்தைப் பிடிக்கவும்) மட்டும்தான் சொல்கிறார். ஒரு ஆட்டத்துக்கு 4, 5 புள்ளி வந்தாலே பெரிது. வீடியோ தயாரித்து வெளியே நல்ல இடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அணியை மாற்றலாமா?

பதில்: புள்ளிக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அவன் போட்ட ஸ்கிரீனால்தான் இன்னொருவன் ஆளில்லாமல் நின்று ஷாட் அடித்திருப்பான், ஸ்கோர் ஷீட்டில் அது வராது. டென்னிஸ் ராட்மன் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து 7 சீசன் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ரீபவுண்டில் முதலிடம், அவருடைய மொத்தச் சராசரியே ஆட்டத்துக்கு 7.3 புள்ளிதான். அந்த வேலையைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஆட்டத்தை அல்ல, பயிற்சியை. ஆட்டத்தில் வளையத்தடியில் நிற்கட்டும், ஆனால் பயிற்சியில் அவன் பந்தைத் தரையில் தட்டி ஓட்டுகிறானா, 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அடித்துப் பழகுகிறானா, கார்டு (பந்தை முன்னே கொண்டு செல்லும் ஆள்) மாதிரி வேகமாக ஓடுபவனைக் காவல் காக்கிறானா? இல்லையென்றால் கவலைப்படுங்கள். இந்த வயதுப் போட்டிகளில் கோப்பை வந்தால்தான் கோச்சுக்கு வேலை நிலைக்கும், அதனால் உயரமானவனைப் பிடித்து வளையத்தடியில் நட்டுவிடுகிறார்கள். பையன் 20 வயதில் என்ன ஆவான் என்று யாருக்கு அக்கறை? எத்தனை வருடமாகக் கத்துகிறோம், ஒன்றும் மாறவில்லை.

உங்கள் பையன் சீக்கிரம் வளர்ந்து முடித்தவனாக இருந்தால் இது இன்னும் அவசரம். 13 வயதிலேயே மளமளவென்று உயர்ந்து, மீசை அரும்பி, கடந்த ஒரு வருடத்தில் 1, 2 சென்டிமீட்டர்தான் கூடியிருக்கிறான் என்றால் மற்றவர்கள் அவனை எட்டிப் பிடிப்பார்கள், நாளைக்கு அவன் அணியிலேயே அவன் நடுத்தர உயரம்தான். அப்போது வெளியிலிருந்து ஆடத் தெரியாவிட்டால் பெஞ்ச்தான். என்பிஏ ஆட்டக்காரர் ஆந்தனி டேவிஸ் கதை இதற்கு நேர் எதிர். பள்ளியில் கார்டாக ஆடிவிட்டு அப்புறம் கிடுகிடுவென வளர்ந்தார், கார்டாகக் கற்ற பந்துக் கட்டுப்பாடு கையோடு இருந்தது, என்பிஏ அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரத்தைக் குறித்து வையுங்கள்.

சரி, அந்த வீடியோக்காரர். அவரிடம் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். பையனை உண்மையிலேயே வேண்டுபவர்கள் முழு ஆட்டத்தின் பதிவைக் கேட்பார்கள், அதை உங்கள் கைபேசியிலேயே எடுக்கலாம். வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்ட இரண்டு நிமிடத்தில் அவன் தவறவிட்ட ஆள் தெரிவானா? முன்பணம், 'செலக்டர் எனக்குத் தெரிந்தவர்', 'இன்றே சொன்னால்தான் இடம்', இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வயதைக் குறைத்துக் காட்டலாம் என்று ஒருவன் சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள், மாட்டுவது அவன் இல்லை, உங்கள் மகன். ஆறு வாரத்தில் அரை அடி கூடுதலாகக் குதிக்க வைக்கும் திட்டங்களும் இதே ரகம். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி என்றால் குதிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அணியை இப்போதே மாற்ற வேண்டாம். பயிற்சி முடிந்ததும் கோச்சிடம் தனியாக, பையன் இல்லாதபோது, "தினமும் 20 நிமிடம் வெளியிலிருந்து ஆட விடுவீர்களா சார்" என்று மட்டும் கேளுங்கள். ஆட்டத்தில் எத்தனை நிமிடம் இறக்குவீர்கள் என்று கேட்டால் அவர் காதை மூடிக்கொள்வார். சீசன் முடியும்வரை பாருங்கள், ஒன்றும் நடக்கவில்லையென்றால் மாற்றலாம், ஆனால் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் இடமாற்றம் பற்றி என்ன இருக்கிறது என்று அதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.