மே விடுமுறையில் மதுரையிலிருந்து இரண்டு நாள் பயணமாக மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பிள்ளைகளோடு பார்க்க முடியுமா?

பார்க்கலாம். ஆனால் மே மாதம் தீவுக்கு ஏற்ற மாதம் இல்லை. தேதியை மாற்ற வழியிருந்தால் மாசி, பங்குனிக்கு மாற்றுங்கள்.

காரணம் காற்று. ராமேஸ்வரத்துக்குத் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை இங்கே தென்கடல் என்பார்கள், வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள். சித்திரை வாக்கில் தென்மேற்கிலிருந்து எழும் கச்சான் காற்று புரட்டாசி வரைக்கும் தென்கடலைப் புரட்டும். அப்போது வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசியில் வடக்கிலிருந்து வாடைக்காற்று பிடித்தால் கதை தலைகீழ். இரண்டு கடலும் சேர்ந்து அடங்கியிருப்பது மாசி, பங்குனியில்தான்.

பாம்பன் தொடங்கி தூத்துக்குடி வரை 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதில் இரண்டு தீவுகள் இப்போது கடலுக்கடியில். சுற்றுலாவுக்கு வனத்துறை படகு விடுவது குருசடைத் தீவுக்கு. ஏறும் இடம் பாம்பன் பக்கம் குந்துகால். வழி கேட்பதானால் விவேகானந்தர் நினைவு மண்டபம் என்று கேளுங்கள். "முயல் தீவுல இறக்கி விடுறேன்" என்று யாராவது தனியாகக் கூப்பிட்டால் ஏறவே ஏறாதீர்கள். அனுமதியில்லாமல் தீவில் கால் வைத்தால் வழக்கு படகுக்காரர் மேல் மட்டும் அல்ல, உங்கள் மேலும்தான்.

முதல் படகுக்கே போய்விடுங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும், அடிமணல் கிளம்பித் தண்ணீர் கலங்கும், பவளப்பாறை இருந்த இடத்தில் பழுப்பு நிறம்தான் தெரியும். கண்ணாடி அடித்தளப் படகில் ஏமாந்து திரும்புகிறவர்களில் பாதிப்பேர் மதியம் போனவர்கள். முந்தின நாள் மாலை வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து படகு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் பாருங்கள். அதில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அன்றைக்குக் கடல் வேண்டாம். எங்கோ தொலைவில் எழுந்த அலை உள்ளூர்க் காற்றே இல்லாமல் வந்து கரையேறும்.

மே மாதம்தான் முடியும் என்றால் வடகடலுக்கு வாருங்கள். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி, துடுப்புப் படகு எல்லாம் உண்டு. இதுவும் வனத்துறை ஏற்பாடுதான். இங்கே காற்றைவிட நீர் ஏற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும். கடல் அவ்வளவு ஆழமில்லாததால், நீர் வற்றும் நேரத்தில் படகு சேற்றில் தட்டும். நீர் ஏறும் நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும், ஆகவே போன வாரம் போனவர் சொன்ன நேரத்தை நம்பிப் புறப்படாதீர்கள். என்னைக் கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்குத் தீவைவிட இதுதான் சுகம்.

தங்குவதற்கு ராமநாதபுரம் டவுன் தோதானது. பாம்பன் சுமார் 45 கிலோமீட்டர் கிழக்கே, காரங்காடு வடக்கே. சனி, ஞாயிறு என்றால் பாம்பன் பாலத்துக்குத் தனியாக அரை மணி ஒதுக்குங்கள். ரயில் வருகிறது என்றால் நடுப்பாலத்திலேயே வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார்கள்.

ஆழமில்லாத தண்ணீரில் இறங்கினால் ரப்பர் செருப்பு கட்டாயம். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போகும், மேலே மிதித்தால்தான் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீராலேயே அலசுங்கள். தனுஷ்கோடி கடைசியில் இருக்கும் அரிச்சல்முனையில் எந்த மாதமானாலும் குளியல் வேண்டாம். இரு கடலும் சேரும் இடம், நீரோட்டம் இழுத்துவிடும்.

இன்னொன்று, கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு செத்ததுதானே என்று பிள்ளைகள் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். கடல் அட்டை, கடல் குதிரை போலவே பவளத்தையும் 2001இல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், உயிரோடு இருந்தாலும் செத்தாலும் எடுப்பது குற்றம். படகு ஏறுவதற்கு முன்னால் பையை ஒருமுறை உதறிப் பாருங்கள்.