காதில் போட்டுக்கொள்ளும் கதைகள்

புதுச்சேரியில் கைவேலையாகக் கல் காதணி செய்கிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் சில:

மகள் ஞாயிறு சந்தையில் ஊதாக்கல் தொங்கட்டான் வாங்கி வந்தாள். ‘அமெதிஸ்ட், மனசை அமைதியாக்கும்’ என்றாராம் கடைக்காரர். மாமியாரோ அது சனிக்கு உரிய கல், ஜாதகம் பார்க்காமல் போடக்கூடாது என்கிறார். போடலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அமெதிஸ்டைத் தமிழில் செவ்வந்திக்கல் என்போம். முதலில் அது செவ்வந்திக்கல்தானா என்று பாருங்கள். கண்ணாடியும் அந்தப் பெயரில் விற்கிறது. வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்ணாடி என்றால் பெரும்பாலும் குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழிகள் தெரியும். மண்ணில் விளைந்த கல்லில் பெரும்பாலும் நிறம் ஒரே சீராக இருக்காது. ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் வெளிறல். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கல் என்றால் நம் கண்ணுக்குப் பிடிபடாது, அதற்குச் சோதனைக்கூடம்தான்.

செவ்வந்திக்கல் என்பது குவார்ட்ஸ் படிகம்தான். உள்ளே துளி இரும்பு, அதன்மேல் பூமிக்குள் நெடுங்காலம் பட்ட கதிர்வீச்சு. இரண்டும் சேர்ந்து ஊதா. நீலக்கல் வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சனிக்காக இதைச் சொல்வார்கள், மாமியார் கேள்விப்பட்டது அதுதான். கிரேக்கர்களோ இந்தக் கல் கூட இருந்தால் போதை ஏறாது என்று நம்பினார்கள். நம் புதுச்சேரியில் இதைச் சொல்லி விற்றால் ஒரு ஜோடிகூடப் போகாது! கத்தோலிக்க ஆயர்களின் மோதிரத்தில் மரபாக இருப்பதும் இந்தக் கல்தான். அரிய கல்லாக இருந்தது, 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் ஏராளமாகக் கிடைத்ததும் விலை இறங்கிவிட்டது.

மாமியாரோடு சண்டை வேண்டாம், ஜாதகம் பார்த்தே போடட்டும். ஆனால் இந்தக் கல்லுக்குச் சனியைவிட ஞாயிறுதான் எதிரி. நாள் கணக்கில் வெயிலில் கிடந்தால் ஊதா வெளிறிவிடும். ஜன்னலோரம் மாட்டி வைக்காதீர்கள். கதையைக் காதில் போட்டுக்கொள்ளலாம்; ‘அமைதி தரும்’ என்பதற்காகக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

‘அரிக்கமேட்டு மணி’ என்று சிவப்புக்கல் காதணி விற்கிறார்கள். நிஜமாகவே அங்கே கிடைத்ததா?
– கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை

இருக்காது. இருந்தால் வாங்கவே கூடாது, அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம். அசல் மணிகளைப் பார்க்க பாரதி பூங்கா பக்கம் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

அந்தச் சிவப்புக்கல் பெரும்பாலும் சூதுபவளம், கார்னீலியன் என்பார்கள். பெயரில் பவளம் இருந்தாலும் கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இதுவும் குவார்ட்ஸ் குடும்பம்தான். வெளிறிய கல்லைச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் இரும்பு சிவந்துகொள்ளும். குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் இந்த வேலை நடக்கிறது. உருகிய மெழுகு இதில் ஒட்டாது என்பதால் ரோமானியர்கள் முத்திரை மோதிரத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது ரோமானிய மட்பாண்டங்கள்தான் பேச்சாக இருந்தன. எனக்கென்னவோ அங்கே கிடைத்த அரைகுறை மணிகள்தான் பெரிது. சும்மா செதுக்கியது, தேய்த்தும் துளை போடாதது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்திருக்கின்றன. அங்கேயே பட்டறை இருந்ததற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பழைய மணிகளை இரு பக்கமிருந்தும் துளைப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு துளைகளும் சந்திக்கும் இடத்தில் சின்ன படி ஒன்று தெரியும். கை லேசாக விலகியதன் தடம் அது. மெஷின் மணியில் துளை நூல் பிடித்தாற்போல் ஒரே நேராக ஓடும்.

கல் கம்மல் போட்டால் காது அரித்துப் புண்ணாகிறது. கல் ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

கல் பாவம். கொக்கியில் கலந்த நிக்கல்தான் பெரும்பாலும் காரணம். கொக்கியை மட்டும் வெள்ளியிலோ தங்கத்திலோ மாற்றச் சொல்லுங்கள். புண் ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முத்து, பவளக் காதணியை எலுமிச்சைச் சாற்றில் கழுவலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

ஐயோ, வேண்டாம். இரண்டும் சுண்ணாம்புச் சத்து, புளிப்புப் பட்டால் கரையும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். சென்ட் அடித்து முடித்த பிறகு மாட்டுங்கள்.

கடற்கரைச் சாலையில் ஒற்றைக் காதணி தொலைந்துவிட்டது. அபசகுனமா?
– வாசகி, லாஸ்பேட்டை

இல்லை, கடற்காற்று, துப்பட்டா, அப்புறம் கொக்கிக்குப் பின்னால் ரப்பர் போடாதது. அடுத்த ஜோடிக்கு மறக்காமல் போடுங்கள். மிஞ்சியதைத் தூக்கிப் போடாதீர்கள், கொக்கியைக் கழற்றி வளையம் வைத்தால் டாலர் ஆகிவிடும்.