லேபிளில் இருக்கும் பாட்டி

அன்புள்ள ஐயா,

கோவையில் ஐ.டி. வேலையில் இருந்தேன். இப்போது அதை விட்டுவிட்டு இணையத்தில் கருப்பட்டி விற்கிறேன். சரக்கு உடன்குடிப் பக்கம், என் மனைவியின் உறவுக்காரக் குடும்பங்களிடமிருந்து வருகிறது. சீனி கலப்பதில்லை என்பது எனக்கு நேரடியாகத் தெரியும். பருவத்தில் அங்கேயே போய் இருந்து பார்க்கிறேன்.

பிராண்டு வேலைக்கு ஓர் ஏஜென்சியைப் பிடித்தேன். "கதை இல்லாமல் பிராண்டு நிற்காது சார்" என்றார்கள். லேபிளில் சுருக்கம் விழுந்த முகத்தோடு ஒரு பாட்டி. கீழே "நான்கு தலைமுறைப் பாரம்பரியம்", "பாட்டியின் கைப்பக்குவம்". பாட்டிக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அப்படி ஒருவர் கிடையாது. என் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர், தாத்தாவுக்கும் பனைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் விற்பனை நன்றாகப் போகிறது. போன வாரம் ஒரு வாடிக்கையாளர், "எங்கம்மாவுக்கு உங்க பாட்டியோட ஒரு தடவை போன்ல பேசணுமாம்" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

சரக்கு சுத்தம், கதை மட்டும்தான் பொய். ஊரெல்லாம் செய்வதுதானே, வெறும் அலங்காரம்தானே என்று மனைவியிடம் வாதாடுகிறேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? லேபிள் படத்தை இணைத்திருக்கிறேன். இன்னும் ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கிடக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகன், கோவை

---

அன்புள்ள நண்பருக்கு,

பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அடுத்த முறை அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். அப்புறம் பதினாறாம் நாள் காரியம் வரை போகும். அந்த வாடிக்கையாளரின் அம்மா வேட்டி துண்டோடு வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பண்டம் உண்மையாக இருக்கும்போது அதைச் சுற்றிய கதை பொய்யாக இருந்தால் வாங்குகிறவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கொடுத்த காசுக்கு நல்ல கருப்பட்டி கிடைத்துவிட்டதே, அப்புறமென்ன என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் தனக்குக் கிடைத்தது நல்ல கருப்பட்டி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கத்தரிக்காய் சொத்தையா என்று நறுக்கினால் தெரிந்துவிடும். கருப்பட்டி தின்று முடித்த பிறகும் தெரியாது. பதநீரின் இனிப்பில் பெரும்பங்கு சுக்ரோஸ் என்கிற சர்க்கரை. கரும்புச் சீனியும் சுக்ரோஸ்தான். வேதியியலில் இரண்டும் ஒரே பொருள். காய்ச்சும்போது சீனியைக் கொட்டினால் நிறமும் மணமும் பதநீரிலிருந்து வந்துவிடும், எடை சீனியிலிருந்து வந்துவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற சோதனைகள் உங்களுக்கும் வந்திருக்கும்: தண்ணீரில் போட்டால் மெதுவாகக் கரைய வேண்டும், உடைத்தால் உள்ளே பளபளக்கக் கூடாது, இத்யாதி. எதையும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. பதம் கொஞ்சம் மாறினாலே நிறமும் கடினமும் மாறிவிடும். ஆய்வுக்கூடத்தில் பிடிக்க ஒரு வழி உண்டு. ஒளிச்சேர்க்கையில் கரும்பு சி4 வகை, பனை சி3 வகை. காற்றிலிருந்து கார்பனை அவை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. அதனால் இரண்டின் சர்க்கரையிலும் கார்பன்-13 என்கிற சற்றுக் கனமான கார்பனின் விகிதம் வேறுபடும். தேனில் கரும்புச் சர்க்கரைக் கலப்பைக் கண்டுபிடிப்பதும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். ஆனால் அந்தக் கருவியைச் சமையலறையில் வைத்துக்கொண்டு யாரும் காபி போடுவதில்லை.

இதில் ஏமாற்றுவதற்கான ஆசை எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தினமும் மரம் ஏறி, பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரை சுமார் எட்டுப் பத்து லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ தேறும். அதுவும் வருஷத்தில் சில மாதங்கள்தான். சீனி மூட்டை எல்லா மாதமும் கடையில் கிடைக்கும்.

1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்து இதை எழுதினார். வண்டியின் கதி விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எந்த வண்டிக்கும் சராசரி விலைக்கு மேல் தர மாட்டான். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவனுக்குக் கட்டாது, அவன் விற்காமல் ஒதுங்கிவிடுவான். சந்தையில் ஓட்டை வண்டிகள் மிஞ்சும். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பு எரித்துக்கொண்டிருக்கும் உங்கள் உறவுக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு நோபல் தேவைப்பட்டிருக்காது. சீனிக் கருப்பட்டி பக்கத்திலேயே குறைந்த விலைக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று அவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

அதே கட்டுரையில் இந்தச் சிக்கலுக்கு எதிராகச் சந்தை கண்டுபிடித்திருக்கும் ஏற்பாடுகளையும் அக்கர்லாஃப் சொல்கிறார். அதில் ஒன்று பிராண்டு பெயர். பண்டத்தைச் சோதிக்க முடியாதவர் பெயரைப் பார்த்து வாங்குகிறார். ஏமாற்றினால் அந்தப் பெயரை மறுபடி வாங்க மாட்டார். அந்தப் பயம் விற்பவரை ஒழுங்காக வைக்கிறது. உங்கள் லேபிளின் வேலை இதுதான். அழகாக இருப்பது அதற்கு அடுத்த வேலை.

இப்போது பாட்டியைப் பாருங்கள். உங்கள் கருப்பட்டியில் சீனி இல்லை என்பதை வாடிக்கையாளரால் சரிபார்க்க முடியாது. பாட்டி இருக்கிறாரா என்பதைச் சரிபார்க்க முடியும். ஒரு போன் போதும், போன வாரம் ஏறக்குறைய அதுதான் நடந்தது. அதாவது, அவரால் சோதிக்க முடிகிற ஒரே இடத்தில் நீங்கள் பொய்யை வைத்திருக்கிறீர்கள். அங்கே பொய் என்று தெரிந்த நொடியில், சோதிக்க முடியாத இடத்தில் மட்டும் நீங்கள் யோக்கியர் என்று அவர் எதற்கு நம்ப வேண்டும்? நானாக இருந்தால் நம்ப மாட்டேன். உங்கள் மனைவி சொல்வதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் மாஸ்ட் பிரதர்ஸ் என்று ஒரு சாக்லேட் கம்பெனி. நீளத் தாடி வைத்த இரண்டு அண்ணன் தம்பிகள், கையால் சுற்றியது போன்ற அழகான காகித உறை, ஒரு பட்டை பத்து டாலர் அளவில். கொக்கோ கொட்டையிலிருந்து கடைசி வரை எல்லாம் நாங்களே செய்கிறோம் என்பதுதான் அவர்களுடைய கதை. 2015 டிசம்பரில் ஓர் உணவு வலைப்பதிவர் தோண்டித் துருவி எழுதினார். ஆரம்ப நாட்களில் அவர்கள் வேறு கம்பெனியின் சாக்லேட்டை வாங்கி உருக்கி வார்த்தார்கள் என்பது அதன் சாரம். தொடக்கத்தில் பிரான்ஸின் வால்ரோனா சாக்லேட்டையும் பயன்படுத்தியதை அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஒப்புக்கொண்டார். வால்ரோனா உலகத்தரமான சாக்லேட் என்பதைக் கவனியுங்கள். வாங்கியவர்கள் மோசமான எதையும் தின்றுவிடவில்லை. இப்போது நாங்களே கொட்டையிலிருந்துதான் செய்கிறோம் என்று கம்பெனி சொல்லிப் பார்த்தது. அதற்குள் பேச்சு திசைமாறிவிட்டது. கிண்டல் தாடி வரைக்கும் போனது.

நீங்கள் மறுத்துப் பேசலாம். அமுல் பாப்பா 1966 முதல் விளம்பரப் பலகையில் நிற்கிறாள், அப்படி ஒரு பாப்பா உண்டா என்று கேட்கலாம். அது கார்ட்டூன். அவள் வெண்ணெய் கடைகிறாள் என்று ஒருவரும் நினைப்பதில்லை. இதைவிட வலுவான உதாரணம் பெட்டி க்ராக்கர் (Betty Crocker) என்ற பெண் பெயர். 1921-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஒரு மாவு மில் கம்பெனிக்கு, ரொட்டி ஏன் உப்பவில்லை, கேக் ஏன் அமுங்கிவிட்டது என்று பெண்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். பதிலில் கையெழுத்துப் போட கம்பெனி அந்தப் பெயரைக் கற்பனையாக உருவாக்கியது. அப்புறம் வானொலியிலும் அந்தப் பெயரில் குரல் வந்தது. 1945-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை, அமெரிக்காவின் பிரபலமான பெண்களில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினாருக்கு அடுத்த இடம் அவளுக்கு என்று எழுதியது. நிறையப் பேர் அவளை உயிருள்ள ஆள் என்றே நம்பினார்கள். கம்பெனி அழியவில்லை, பெயர் இன்றும் கடைகளில் இருக்கிறது.

ஆக, பொய்ப் பாட்டி எப்போதும் தோற்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பெட்டி க்ராக்கர் கொடுத்த வாக்கு என்ன? உன் சந்தேகத்துக்குப் பதில் வரும், குறிப்பு சரியாக வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் சம்பளம் வாங்கிக்கொண்டு சமைத்துப் பார்த்துப் பதில் எழுதிய நிஜப் பெண்கள் கூட்டமாக இருந்தார்கள். பெயர்தான் கற்பனை. உங்கள் பாட்டி கொடுக்கும் வாக்கு வேறு. ‘இந்தக் குடும்பம் நான்கு தலைமுறையாக இதைச் செய்கிறது, அதனால் நம்பு’ என்கிறார் அவர். நம்பச் சொல்லும் காரணமே பொய். அதோடு, அந்தக் காலத்தில் ஒரு வாடிக்கையாளர் சந்தேகப்பட்டால் பக்கத்து வீட்டில்தான் சொல்லிக்கொள்ள முடியும். இப்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், உணவு விளம்பரங்களுக்காக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்த விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள். இயற்கை, சுத்தம், ஒரிஜினல், பாரம்பரியம் போன்ற சொற்களை எப்போது போடலாம் என்று அதில் நிபந்தனைகள் இருக்கின்றன. பாரம்பரியம் என்றால் செய்முறை தலைமுறைகளைக் கடந்து குறைந்தது முப்பது வருஷம் இருந்திருக்க வேண்டும். கருப்பட்டி அதில் சுலபமாகத் தேறிவிடும், அந்தச் சொல்லை நீங்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். "நான்கு தலைமுறை" என்பதுதான் இடிக்கிறது, அது உங்கள் குடும்பத்தைச் சுட்டுகிறது. பிராண்டு பெயரிலேயே இப்படி ஒரு சொல் இருந்து அது ஆளைக் குழப்புமானால், ‘இது வெறும் பிராண்டு பெயர், பொருளின் உண்மையான தன்மையைக் குறிப்பதல்ல’ என்று மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் போட வேண்டுமாம். முன்பக்கம் கொட்டை எழுத்தில் பொய், பின்பக்கம் மூன்று மில்லிமீட்டரில் உண்மை. இப்படி ஒரு வாசகத்தை எழுதிவைத்த அதிகாரிக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இத்தனை நேரம் பாட்டியைப் பற்றியே பேசிவிட்டேன். நீங்கள் அனுப்பிய லேபிள் படத்தில் என்னை உண்மையிலேயே திடுக்கிட வைத்தது வேறு வரி. நீங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடவே இல்லை. பின்பக்கம் சின்ன எழுத்தில், "சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்றது". பாட்டியை விடுங்கள், முதலில் இதை எடுங்கள். கருப்பட்டியில் தாதுக்கள் கொஞ்சம் உண்டு, ருசி உண்டு, எல்லாம் சரி. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரை என்று மேலேயே எழுதினேன். சுத்தமான கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். உங்கள் சரக்கு எவ்வளவு நேர்மையானதோ அவ்வளவு சர்க்கரையும் அதில் இருக்கிறது. பாட்டி பொய் உங்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும், அவ்வளவுதான். இந்த வரியை நம்பி ஒரு பெரியவர் தினமும் மூன்று வேளை காபியில் போட்டுக் குடித்தால் அவர் உடம்புதான் கெடும். ‘சரக்கு சுத்தம், கதை மட்டும்தான் பொய்’ என்று எழுதியிருந்தீர்கள். இந்த வரி எந்தக் கணக்கில் சேரும்? ஏஜென்சி எழுதியதாகவே இருக்கட்டும், லேபிளில் இருப்பது உங்கள் உரிம எண்.

கதை இல்லாமல் பிராண்டு நிற்காது என்று ஏஜென்சி சொன்னதை நான் முழுக்க மறுக்கவில்லை. உங்களிடம் கதை இருக்கிறதே, எதற்கு வாடகைக்கு எடுத்தார்கள் என்றுதான் புரியவில்லை. பஞ்சாலைத் தொழிலாளியின் மகன், கம்ப்யூட்டர் வேலையை விட்டவன், பனையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் மனைவியின் ஊருக்குப் போய்க் கற்றுக்கொள்கிறவன். நான் நம்பி வாங்குவேன். எந்த ஊர்ச் சரக்கு, எந்த மாதம் காய்ச்சியது, எத்தனை குடும்பங்களிடமிருந்து வாங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். மழைக்காலத்தில் இளகும், ஈரம் கோக்கும் என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் இளகின கருப்பட்டியைப் பார்த்துக் கலப்படம் என்று நினைப்பார்கள். பருவம் முடிந்து இருப்பும் தீர்ந்தால், ‘இனி அடுத்த பருவத்தில்தான்’ என்று பக்கத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மாதங்களில் வருமானம் குறையும், வேறு ஏதாவது விற்க வேண்டியிருக்கும். ஆனால் வருஷம் முழுக்கத் தட்டாமல் கருப்பட்டி கொடுக்கிறவரைவிட உங்களை ஜனம் அதிகமாக நம்புவதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை லேபிளில் போடுவதற்கு முன், நீங்களோ அந்தக் குடும்பங்களோ அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குறியீடு இருப்பதால் ஒவ்வொரு கட்டியும் சுத்தம் என்று ஆகிவிடாது, ஊர்ப் பெயருக்குத்தான் அது காவல். வசதி இருந்தால் பருவத்துக்கு ஒருமுறை, மேலே சொன்ன கார்பன்-13 சோதனையை (ஐசோடோப் சோதனை என்பார்கள்) செய்து அறிக்கையை அப்படியே வெளியிடலாம். செலவு பிடிக்கும், ஏஜென்சிக்குக் கொடுத்ததைவிட அதிகம் ஆகுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அச்சடித்த லேபிள்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சர்க்கரை நோய் வரியை இன்றைக்கே ஸ்டிக்கர் ஒட்டி மறையுங்கள், அது ஆயிரமானாலும் சரி. இணையப் பக்கத்திலிருந்து பாட்டியையும் அவர் பெயரையும் இன்றே எடுத்துவிடுங்கள். உறையில் இருக்கும் படம் இருப்புத் தீரும்வரை போகட்டும், ஆனால் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள்: படத்தில் இருப்பவர் எங்கள் பாட்டி அல்ல, இதைக் காய்ச்சுவது இன்ன ஊரில் இன்ன குடும்பங்கள் என்று. போன் செய்த வாடிக்கையாளரிடம் நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டி இடம் காலியானதும், அங்கே பனையேறும் உறவினரின் படத்தைப் போடலாம் என்று ஏஜென்சி அடுத்ததாகச் சொல்லும். போடுங்கள், ஆனால் முதலில் அவரிடம் கேளுங்கள். அவருக்கு விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள். சரி என்று சொன்னால், அவர் முகத்தால் விலை கூடுகிற அளவுக்கு அவரிடமிருந்து நீங்கள் வாங்கும் விலையையும் கூட்டிக் கொடுங்கள்.

அன்புடன்