பாட்டி, தாய், மகள் நாவலைப் படமாக்க யாரிடம் கையெழுத்து வாங்குவது?

கேள்வி: அட்லாண்டாவில் வசிக்கிறோம். திரைக்கதை படிக்கும் என் மகளுக்குப் பழைய புத்தகக் கடையில் ஒரு நாவல் கிடைத்தது. மிசிசிப்பியில் ஒரு பருத்தி ஊரில் பாட்டி, அம்மா, மகள் என மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரு வீட்டையும் நிலத்தையும் கட்டிக்காக்கும் கதை. 1938 அக்டோபரில் முதல் பதிப்பு. 1987ல் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் மறுபதிப்பு போட்டிருக்கிறது. எழுதிய அம்மையார் 1959ல் மிசிசிப்பியிலேயே காலமாகிவிட்டார். சிறு முதலீட்டில் இதைப் படமாக்க ஆசை. உரிமை வாங்கித் தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். ஆசிரியையின் பேரன் கையெழுத்திட்ட ஒரு தாளைக் காட்டி 4,500 டாலர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? 80 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, உரிமை தானாகக் காலாவதி ஆகியிருக்காதா?

பதில்: இப்போதைக்கு யாருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அந்த நாவலுக்கு உரிமை என்று ஒன்று உயிரோடு இருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை. இல்லாத உரிமையை விற்பதுதான் இந்தத் தொழிலில் ரொம்பச் சுலபமான வியாபாரம். எட்டில் ஒரு பங்கை முழுசு என்று சொல்லி விற்பது அதற்கடுத்த வியாபாரம். உங்களிடம் வந்தவர் இரண்டில் எது செய்கிறார் என்பதை நீங்களே இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வருடக் கணக்கு. அமெரிக்காவில் 1978க்கு முன் அச்சான நூல்களுக்கு ஆசிரியர் என்று இறந்தார் என்பதை வைத்துக் காலம் கணக்கிடுவதில்லை. நூல் வெளியான வருடத்தோடு 95ஐக் கூட்டினால், அந்த வருடத்தின் கடைசி நாள் வரை பதிப்புரிமை. உங்கள் நாவலுக்கு 2033 டிசம்பர் 31. 2034 ஜனவரி 1 முதல் யாரும் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் அரசு வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறதே, அப்படி ஓர் ஏற்பாடு அங்கே இல்லை. காலம் முடிந்தால்தான் பொதுச்சொத்து.

ஆனால் 1964க்கு முன் வெளியான புத்தகங்களுக்கு இந்த 95 வருடம் சும்மா கிடைத்துவிடவில்லை. முதலில் 28 வருடம்தான். அந்த 28ஆம் வருடத்துக்குள் பதிப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டுப் புதுப்பித்திருந்தால் மட்டுமே மிச்சக் காலம். புதுப்பிக்கத் தவறியிருந்தால் நூல் அன்றைக்கே பொதுச்சொத்து. பெரிய பதிப்பகத்தின் பிரபல நாவல்களைப் பெரும்பாலும் யாரும் தவறவிடவில்லை. ஒரு பதிப்போடு நின்றுபோன, அதிகம் பேசப்படாத பெண் எழுத்தாளர்களின் நாவல்களில் நிறைய விட்டுப்போயிருக்கின்றன. உங்கள் நாவல் அந்த வகை மாதிரிதான் தெரிகிறது.

ஆகவே முதல் வேலை, புதுப்பித்தலைத் தேடுவது. 1938 அக்டோபரில் வெளியானது என்றால் 1965 அக்டோபருக்கும் 1966 அக்டோபருக்கும் இடையில் புதுப்பித்திருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் இணையத் தரவுத்தளத்தில் 1923 முதல் 1963 வரை வந்த புத்தகங்களின் புதுப்பித்தல்கள் இருக்கின்றன. பார்க்கக் காசு இல்லை. அங்கே கிடைக்காவிட்டால் உடனே குதிக்க வேண்டாம். பதிப்புரிமை அலுவலகம் அச்சிட்ட பழைய பட்டியல்களின் படங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் உண்டு. 1965, 1966, 1967 மூன்று வருடத்தையும் புரட்டுங்கள், ஏனென்றால் கடைசி நாளில் போட்ட விண்ணப்பம் அடுத்த தொகுதியில் அச்சாகியிருக்கும்.

தேடுவதில் எல்லோரும் சறுக்கும் இடம் பெயர். அந்தத் தலைமுறைத் தென்மாநிலப் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரில் எழுதுவார்கள். பதிவேட்டில் கணவன் பெயருக்கு முன் 'மிஸ்ஸஸ்' போட்டுப் பதிந்திருப்பார்கள். ஆசிரியை பெயர், கணவர் பெயர், பிள்ளைகள் பெயர், நூல் தலைப்பு என்று நான்கு வழியிலும் தேடுங்கள். நாவலின் அத்தியாயங்கள் முன்னதாக ஏதாவது பத்திரிகையில் வந்திருந்தால் அந்த இதழின் புதுப்பித்தலும் தனியாகப் பார்க்க வேண்டும். உங்களால் முடியாவிட்டால் பதிப்புரிமை அலுவலகமே தேடித் தரும்: மணிக்கு 200 டாலர், குறைந்தது 2 மணி நேரம். புரோக்கர் கேட்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, பாருங்கள்.

1987 மறுபதிப்பின் உள்பக்கத்தில் அந்த வருடத்தைப் போட்டுப் பதிப்புரிமைக் குறி இருக்கும். அது பயமுறுத்தும்; பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது பேராசிரியர் எழுதிய முன்னுரைக்கான உரிமை, நாவலுக்கானது அல்ல. முன்னுரையைத் தொடாதீர்கள், அவ்வளவுதான். அதே பக்கத்தில் 'இன்னாருடைய அனுமதியுடன்' என்று ஒரு பொடி எழுத்து வரி இருந்தால் அதுதான் உங்களுக்குப் புதையல். 1987ல் அந்தப் பதிப்பகம் யாரிடம் அனுமதி வாங்கியது என்பது அதன் உரிமைப் பிரிவுக் கோப்பில் இருக்கும். ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். இந்த ஒரு வரியைப் படிக்காமல் புரோக்கருக்குப் பணம் கட்டுகிறவர்களுக்குக் கணக்கே இல்லை.

புதுப்பித்தல் இல்லை என்று உறுதியானால் யார் கையெழுத்தும் தேவையில்லை. தேடிய தேதிகளையும் பக்கங்களின் படங்களையும் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். உரிமை கேட்டு யாராவது வழக்குப் போட்டால் ஈடுகட்டும் காப்பீட்டைப் படத்துக்கு எடுக்கும்போது கேட்பார்கள்.

புதுப்பித்திருந்தால்தான் கதை நீளும். உங்கள் ஆசிரியை 1959லேயே இறந்துவிட்டதால் ஒரு விசேஷ விதி குறுக்கே வருகிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், புரோக்கர்கள் விளையாடுவது இங்கேதான். புதுப்பித்த காலம் என்பது பழைய உரிமையின் தொடர்ச்சி அல்ல, புதிதாகப் பிறக்கிற சொத்து. புதுப்பிக்கும் நாளில் ஆசிரியர் உயிரோடு இல்லை என்றால், ஆசிரியர் 1940களில் யாருக்கு என்ன எழுதிக்கொடுத்திருந்தாலும் அது அப்படி எழுதி வாங்கியவரிடம் போகாமல், சட்டம் சொல்லும் வரிசையில் நேராகப் போய்ச் சேரும்: கணவரும் பிள்ளைகளும், அவர்கள் இல்லையேல் உயிலை நிறைவேற்றுபவர், உயிலும் இல்லையேல் நெருங்கிய உறவினர். 1990ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொன்னது. 1942ல் வந்த ஒரு சிறுகதையின் ஆசிரியர் 1968ல், புதுப்பிக்கும் முன்பே, இறந்துபோனார். அந்தக் கதையின் புதுப்பித்த உரிமையை ஒருவர் 650 டாலருக்கும் வருமானத்தில் 10 சதவீதத்துக்கும் வாங்கினார். ஏற்கெனவே அந்தக் கதையை வைத்து எடுத்து உலகப் புகழ் பெற்றிருந்த 'ரியர் விண்டோ' படக்காரர்கள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பழைய ஒப்பந்தம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

தென்மாநிலப் பெண்கள் நாவலிலேயே உதாரணம் வேண்டுமா? பாட்டியின் பயம் பேத்தியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற 'தெயர் ஐஸ் வேர் வாச்சிங் காட்' நாவலைச் சோரா நீல் ஹர்ஸ்டன் 1937ல் வெளியிட்டார். 1960ல் ஃப்ளோரிடாவில் வறுமையில் இறந்தார். 1965ல் புதுப்பித்தது ஜான், ஜோயல் என்ற ஹர்ஸ்டன் குடும்பத்தார். 2005ல் அது தொலைக்காட்சிப் படமானது.

உங்களுக்கு இதன் பொருள்: 'ஆசிரியை 1946லேயே படஉரிமையை எங்கள் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்' என்று யாராவது மஞ்சளான காகிதத்தை நீட்டினால் மயங்க வேண்டாம். வாரிசுகளும் அதில் கையெழுத்திட்டிருந்தால் ஒழிய, 1966க்குப் பிறகு அது வெறும் காகிதம்.

இனி அந்தப் பேரன். வீடு வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறோம் அல்லவா, அதே வேலைதான். ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு எத்தனை பேர், யார் உயில் எழுதினார்கள் என்று ஒரு குடும்ப மரம் வரையுங்கள். இரண்டு தலைமுறையில் எட்டுப் பங்காளிகள் சாதாரணம். அமெரிக்கச் சட்டப்படி ஒரு பங்காளி தனியாகக் கொடுக்கக்கூடியது பொது அனுமதி மட்டும்தான். அவருடைய சித்தப்பா மகள் நாளைக்கே இன்னொருவருக்கும் அதே அனுமதியைக் கொடுக்கலாம். உங்களுக்கு மட்டும் என்ற தனியுரிமை வேண்டுமானால் எல்லாப் பங்காளிகளும் எழுத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தனியுரிமை இல்லாத படத்தை எந்த விநியோகஸ்தரும் தொடமாட்டார். (மிசிசிப்பியில் உயில் எழுதாமல் விட்ட குடும்ப நிலங்களின் சிக்கலும் இதேதான். உங்கள் நாவலில் அந்த மூன்று பெண்களும் எதற்காகப் போராடுகிறார்களோ, அதே வம்பு நாவலுக்கும்.)

அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். 'எனக்கு இதில் என்ன உரிமை உண்டோ அதை விட்டுக்கொடுக்கிறேன்' என்ற தோரணையில் இருந்தால் அது விடுதலைப் பத்திரம். அவருக்கு உரிமை பூஜ்யம் என்றால் உங்களுக்குக் கிடைப்பதும் பூஜ்யம், அவர் மேல் வழக்கும் போட முடியாது. 'உரிமை என்னுடையதே, வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, தவறினால் இழப்பீடு தருவேன்' என்ற உறுதிமொழி வரி இருக்க வேண்டும்.

வாரிசுகளைத் தேட நிபுணர் வேண்டாம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையமும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் 'வாட்ச்' என்ற பட்டியலில் எழுத்தாளர்களின் உரிமையாளர் முகவரிகள் கிடைக்கும், இலவசமாக. அடுத்தது, ஆசிரியை வாழ்ந்த கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி. மிசிசிப்பியில் உயில் விவகாரம் சான்சரி நீதிமன்றத்தில் நடக்கும்; அதன் எழுத்தரிடம் 1959, 1960 கோப்புகளைக் கேளுங்கள். கையெழுத்துப் பிரதிகள் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தால் அந்தத் தொகுப்பின் விவரக் கையேட்டையும் பாருங்கள். காகிதம் நூலகத்திடம் இருப்பதால் பதிப்புரிமையும் நூலகத்திடம் என்று நினைத்துவிடாதீர்கள். நூலகர்களே சில சமயம் அப்படிச் சொல்லிவைப்பார்கள்.

எல்லாம் தேடியும் வாரிசு கிடைக்கவில்லை என்றால்? அங்கேதான் எரிச்சல். உரிமையாளர் காணாமல் போன நூல்களைப் பயன்படுத்த வழி வகுக்கும் மசோதா 2008ல் செனட்டில் நிறைவேறியது; கீழ்ச்சபையில் படுத்துவிட்டது. பதிப்புரிமை அலுவலகம் 2006லும் 2015லும் அறிக்கை எழுதியது. அறிக்கைகள் தடிமனாக இருக்கின்றன, சட்டம் இன்னும் இல்லை. யாருமே படிக்காத நாவலை, யாருமே உரிமை கோராத நாவலை, 2034 வரை பூட்டிவைத்துப் பாதுகாக்கிறார்கள். அனுமதியில்லாமல் எடுத்தால் காப்பீடு கிடைக்காது, காப்பீடு இல்லாமல் திரையிட ஆள் கிடைக்காது. 'மாணவர் படம், கல்விக்காக' என்ற சமாதானம் திரைப்பட விழா வாசல் வரைக்கும்தான் செல்லும். பெயர்களை மாற்றிவிட்டால் போதும் என்பதும் பொய். மூன்று தலைமுறைப் பெண்கள், பருத்தி, வெள்ளம், கடன் எல்லாம் யாருக்கும் சொந்தமில்லை. அந்தப் பாத்திரங்களும் சம்பவக் கோவையும் வசனமும் சொந்தம்.

வாரிசுகள் கிடைத்துவிட்டால் முழு விலைக்கு வாங்காதீர்கள், ஆப்ஷன் போடுங்கள். அதாவது 12 அல்லது 18 மாதத்துக்குக் கதையை உங்களுக்கென்று ஒதுக்கிவைக்க ஒரு சிறு தொகை. நடைமுறையில் அது முழு விலையில் 10 சதவீதம் என்பார்கள்; குறைந்த முதலீட்டுப் படத்துக்குப் பேசிக் குறைக்கலாம். முழு விலை படச் செலவில் 2 முதல் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை ஒன்றோடு, படப்பிடிப்பு தொடங்கும் நாளில் கொடுப்பது. முதல் ஆப்ஷன் பணம் விலையில் கழியும், நீட்டிப்புப் பணம் வழக்கமாகக் கழியாது. இதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

தலைமுறைக் கதைகளுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் மூன்று பெண்களைச் சொல்ல முடியாது. உங்கள் மகள் யாராவது ஒருத்தியைத்தான் நடுவில் வைப்பாள். படம் ஓடினால் பாட்டியின் இளமை தனித் தொடராகும். அந்த உரிமை உங்களிடம் இருக்கிறதா? 1936ல் 'கான் வித் தி விண்ட்' நாவலின் படஉரிமை 50,000 டாலருக்குப் போனது. ஆனால் கதையைத் தொடர்ந்து அடுத்த பாகம் எடுக்கும் உரிமை அந்த விற்பனையில் சேரவில்லை என்று 1985ல் அட்லாண்டாவின் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் முன்கதை, பின்கதை, தொடர், எல்லாத் தலைமுறைப் பாத்திரங்களும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். மேடை உரிமையை வாரிசுகளே வைத்துக்கொள்ள விரும்புவார்கள்; விட்டுவிடலாம், ஆனால் 'தி கலர் பர்பிள்' 1982 நாவலாக, 1985 படமாக, 2005 பிராட்வே இசை நாடகமாக, 2023ல் அந்த இசை நாடகத்திலிருந்து மறுபடியும் படமாக வந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு விட்டுக்கொடுங்கள்.

கையெழுத்தானதும் சுருக்கப் பத்திரம் ஒன்றைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதியுங்கள். ஒரு மாதத்துக்குள் பதிந்தால், அதே உரிமையை வாரிசு வேறொருவருக்கு விற்றாலும் நீங்கள்தான் முன்னால். ஒப்பந்தத்தைப் பார்க்க, கலைஞர்களுக்குக் குறைந்த செலவில் உதவும் 'ஜார்ஜியா லாயர்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்' உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

புரோக்கரிடம் மூன்று காகிதம் கேளுங்கள்: 1965-66 புதுப்பித்தல் பதிவின் எண், வாரிசுகள் அனைவரின் பட்டியல், அவர்களின் சார்பில் பேச அவருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம். இந்த வேலையில் தரகு என்பது ஒப்பந்தம் முடிந்து, கை மாறும் பணத்திலிருந்து 10 அல்லது 15 சதவீதம். 'ஸ்ட்ரீமிங் நிறுவனம் ஆர்வமாக இருக்கிறது, முதலில் டிரெய்லர் செய்யக் கட்டணம்' என்று அடுத்த பேச்சை எடுத்தார் என்றால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

உங்கள் மகள் இதற்கிடையில் முழுத் திரைக்கதை எழுத வேண்டாம். அனுமதி இல்லாமல் எழுதியதை அவளால் விற்கவும் முடியாது, அதற்கென்று பாதுகாப்பு கோரவும் முடியாது. எந்தப் பெண்ணின் கண் வழியாகக் கதை போகிறது, எந்த வருடத்தில் தொடங்குகிறது என்று பத்துப் பக்கம் எழுதட்டும். வாரிசுகளைப் பார்க்கப் போகும்போது அந்தப் பத்துப் பக்கத்தைத்தான் எடுத்துப் போக வேண்டும்.