சென்னை – சிங்கப்பூர்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

கேள்வி (தஞ்சாவூர் மாணவி): சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும்?

பதில்: மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை பூமியின் வளைவையொட்டி அளந்தால் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். வங்கக் கடலைக் கடந்து, கிரேட் நிக்கோபார் தீவை ஒட்டி, சுமத்ராவின் வடமுனை வழியாக மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்வதே மிகக் குறுகிய பாதை. ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் என்பதால் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால், வானில் மட்டும் நான்கு மணி நேரம் ஆகும். பயணச்சீட்டில் இருப்பதோ விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான நேரம். அது நாலேகால் மணி நேரத்தை ஒட்டியிருக்கும்.

கேள்வி (வேலூர் வாசகர்): என் மகனின் சீட்டில் புறப்பாடு இரவு 11.00, வருகை காலை 5.45 என்று உள்ளது. ஆறேமுக்கால் மணி நேரமா?

பதில்: இல்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அதைக் கழித்தால் நாலேகால் மணி நேரமே மிஞ்சும். 1981 இறுதிவரை இந்த வேறுபாடு இரண்டு மணி நேரமாகவே இருந்தது. 1982 முதல் நாளில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது.

கேள்வி (மதுரை ஆசிரியர்): கிழக்கே செல்லும் விமானங்களைக் காற்று தள்ளிவிடும் என்று படித்தேன். அப்படியானால் போகும் நேரம்தானே குறைய வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. நீங்கள் படித்தது மேலைக்காற்று வீசும் வடக்கு அட்சரேகைகளுக்குப் பொருந்தும். தென்னிந்தியாவின் மேலே, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், நிலைமை நேர் எதிரானது: தரையில் மேற்கிலிருந்து காற்று வீசும் அதே ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், விமானம் பறக்கும் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடுகிறது. இதைக் கீழை ஜெட் காற்றோட்டம் என்பர். 1950-களில் இதை ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் என்பதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். எதிர்க்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 850 என்ற வேகம் தரைக்கணக்கில் 790 ஆகிப் பயணம் கால் மணி நேரம் நீளும். திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து உதவும் என்பதால், போக்குக்கும் வரவுக்கும் ஏறத்தாழ அரை மணி நேர வித்தியாசம் வந்துவிடும்.

கேள்வி (திருச்சி வாசகி): திருச்சி தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்கு இன்னும் அருகில்தானே?

பதில்: வரைபடம் அப்படி நினைக்க வைக்கும். ஆனால் திருச்சி சென்னைக்கு மேற்கேயும் இருப்பதால், தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர்.

கேள்வி (கடலூர் வாசகர்): கோலாலம்பூர் வழியாகப் போனால் சுற்றா?

பதில்: தூரத்தில் சுற்றே இல்லை, கோலாலம்பூர் அநேகமாக அதே கோட்டின் மேல்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கு 2,630, அங்கிருந்து சாங்கிக்கு 300 கிலோமீட்டர். கூடுவது நேரம் மட்டுமே: இன்னொரு முறை ஏறி இறங்க ஒரு மணி நேரமும், இடையில் காத்திருக்கும் நேரமும் சேரும். ஆகவே கட்டணத்தோடு மொத்தப் பயண நேரத்தையும் பார்த்துச் சீட்டு எடுங்கள். இரண்டு விமானங்களையும் தனித்தனியாகப் பதிவு செய்தால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவதைத் தவறவிட்ட செலவு உங்கள் தலையில்தான் விழும்.